மிராசுதார் பிளசரும் மிதவை ஊசியும்

கார்புரேட்டர் சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் கொண்டு வருவார்கள், பழைய சாமானைத் தவிர. "பழசைக் கழட்டிக் கொண்டாங்க, ஜோடி பார்த்துத் தர்றேன்" என்று கத்திக் கத்தியே கும்பகோணத்தில் என் தொண்டை போனது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

மேடு ஏறாத கட்சி

தேர்தல் நேரம். குடவாசல் பக்கத்து மிராசுதார் ஒருவரின் பழைய சீமைப் பிளசர் காரை ஊர்வலத்துக்கு இரவல் வாங்கியிருந்தார் ஒரு கட்சிக்காரர். மேல்மூடி இல்லாத வண்டி; வேட்பாளர் நின்று கும்பிட வசதி. "மெதுவாத்தானே போகப்போவுது, பெட்ரோலை ஏன் குடிக்கணும்? சின்ன ஓட்டை ஜெட்டாக் குடுங்க" என்றார். "அண்ணே, பெட்ரோல் வர்ற துளையே அதுதான். சின்னதாக்கினா வண்டிக்கு மூச்சு முட்டும்" என்றேன். கேட்டால்தானே!

காவிரிப் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. வேட்பாளர் கும்பிட்ட கையோடு, வண்டியோடு அப்படியே பின்னால் உருண்டு வந்தார். மறுநாள் கட்சிக்காரர் என் கடைக்கு வந்து குதித்தார்: "எங்க கட்சி மேடு ஏறாதுன்னு எதிர்க்கட்சிக்காரனுங்க மைக் போட்டுச் சொல்றானுங்கய்யா!"

சுண்டுவிரல் அளவு

அதே பிளசர் அறுவடைக் காலத்தில் மறுபடி என்னைப் படுத்தியது. கூலி நெல் எவ்வளவு என்று மிராசுதார்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் தகராறு. தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெரிய பண்ணையான நம்ம மிராசுதார் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்களும் போடுவார்கள். அவரோ "வண்டி கிளம்பல" என்று ஆள் விட்டுச் சொல்லிவிடுவார். பஸ்ஸில் வரலாமே என்றால், அவர் கௌரவம் என்னாவது! இதற்குள் வயலில் சம்பா முற்றி, மணி உதிர ஆரம்பித்துவிட்டது. அறுக்காவிட்டால் கூலி ஏது, சோறு ஏது?

அவருடைய டிரைவர் மாணிக்கம் மிதவை ஊசி கேட்டு வருவார். பெட்ரோல் நிரம்பியதும் வழியை அடைக்கிற ஊசி அது. தேய்ந்துபோனால் பெட்ரோல் வழிந்து வண்டி கிளம்பாது. பழசைக் கேட்டால் சுண்டுவிரலை நீட்டி, "இவ்வளவுதாண்ணே இருக்கும்" என்பார். எதைக் கொடுத்தாலும் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். என் கடைப் பேரே கெட்டுப்போகும்போல இருந்தது. "பழசைக் கழட்டிக் கொண்டாந்தா என்னய்யா குறைஞ்சுபோவுது?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். மாணிக்கம் தலையைச் சொறிந்தார். "பழசைக் கடைக்குக் கொண்டு போனா கையை ஒடிச்சுடுவேன்னு ஐயா சொல்லியிருக்காங்கண்ணே!"

சிவப்புத் துண்டுக்காரர்

ஒரு காலையில் சங்கத் தலைவர் ரெத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் சிவப்புத் துண்டு. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அசல் பழைய ஊசி! கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

"தோழர், உங்களுக்கு ஏது பிளசர்?"

"எனக்கில்லங்க, மிராசுதாருக்கு. மாணிக்கம் என் மச்சான். ஐயாவுக்குத் தெரியாமக் கழட்டிக் குடுத்துட்டான்."

டப்பாவைக் கொட்டி, நீளம் பார்த்து, முனைச் சரிவு பார்த்து, ஒன்றைப் பொறுக்கினேன். அச்சாகப் பொருந்தியது. மனசு கேட்கவில்லை, "அவரு வண்டிக்கு நீங்க எதுக்குங்க அலையறீங்க?" என்றேன். ரெத்தினம் ஊசியை மடியில் முடிந்துகொண்டார். "நெல்லு உதிருதுங்க. வந்து உக்காந்து என்னைத் திட்டட்டும், பரவால்ல. வராத ஆளுகிட்ட எப்படிங்க சண்டை போடறது?"

நன்றி சொல்ல வந்தவர்

அடுத்த பேச்சுவார்த்தை அன்று தாசில்தாரின் டவாலிச் சேவகர் மிராசுதார் வீட்டு வாசலிலேயே நிற்க, ரகசியமாகப் புது ஊசியை மாட்டியிருந்த மாணிக்கம், வண்டி கிளம்பாது என்று காட்டுவதுபோல முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றினாராம். பிளசர் 'டுர்ர்' என்று கிளம்பிவிட்டது! ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது மிராசுதார் என்ன செய்வார்? ஏறி உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை கூச்சல், கடைசியில் கையெழுத்து. மறுநாளே அரிவாள் வயலில் இறங்கியது. சேதி கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவருக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே பிளசர் என் கடை வாசலில் வந்து நின்றது. மிராசுதாரே இறங்கினார். பாராட்டத்தான் வருகிறார் என்று துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிப் போட்டேன். அவர் உட்காரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, ஊர்ல அத்தனை பேரும் பொருந்தாத சாமானைத்தானே விக்கிறான்? உனக்கு மட்டும் என்னய்யா கேடு?"

ஆகவே சகோதரர்களே, பழைய சாமானைக் கொண்டு வராத வாடிக்கையாளருக்கு மறதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.