பதினோராவது நிமிடத்தில் ஏழு விநாடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வானொலி நிலையத்துக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வந்துவிட்டது.

சென்னையில் உள்ள ஒரு வானொலி அது. எலக்ட்ரானிக் இசை செய்பவர்களைக் கூப்பிட்டு, இருபது நிமிடம் நேரடியாக வாசிக்கவைத்து, ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை, அதுதான் அந்த நிகழ்ச்சிக்குப் பெருமை. காஞ்சிபுரத்தில் காலையில் பட்டுத்தறி, சாயங்காலம் லேப்டாப் என்று இருந்த எனக்கு அழைப்பு வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், மூன்று தடவை படித்துப் பார்த்தேன். "பொண்ணு எதையோ நோண்டிக்கினு இருக்குது" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் செய்வது இசைதான் என்று அவர்கள் காதால் கேட்க எனக்கு இந்த ஒரு வாய்ப்புதான் இருந்தது.

தயாரிப்பாளர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஆரம்பித்தார்.

"காஞ்சிபுரம்னு சொல்லப் போறோம். நடுவுல ஒரு தறி சத்தம், ஒரு கோயில் மணி வந்தா சூப்பரா இருக்கும்மா."

"நாள் பூரா அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன் சார். வேற சத்தம் வேணும்னுதான் இதயே கத்துக்கினேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் பதிவு முடித்துப் போன சென்னைப் பையனிடம் மின்சார ரயில் சத்தம் வேண்டும் என்று கேட்டாரா என்ன?

வாசிக்கத் தொடங்கினேன். நன்றாகவே போனது. பதினோராவது நிமிடத்தில் கீபோர்டின் வயர் கழன்று, அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாதம் மட்டும் அறுந்துபோனது. தாளமும் மற்றவையும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு சத்தத்தைக் கூட்டிச் சமாளித்திருப்பார்கள். நான் மொத்தத்தையும் நிறுத்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் தறியை அங்கேயே நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலை நெடுக ஒரு கோடு விழும். அறுந்ததைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுபடி நெய்வோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். வானொலியில் மௌனத்தைவிடப் பெரிய குற்றம் இல்லையாம். வயரைச் செருகி, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தேன். ஏழு விநாடி போயிருந்தது.

"கவலப்படாதம்மா" என்றபடி உள்ளே வந்தார். "அந்த கேப்ல தறி சத்தத்தப் போட்டு மூடிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"வெட்டி ஒட்ட மாட்டோம்னு சொன்னீங்களே சார்?"

"இது உன் நல்லதுக்கும்மா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இழ அறுந்தா தறிய நிறுத்துவோம் சார். அப்பிடித்தான் இதயும் நிறுத்துனேன். நின்ன எடத்துல தறி ஓடுற சத்தத்தப் போட்டீங்கன்னா எங்க தெருவே சிரிக்கும். அப்பிடியே போடுங்க. இல்லன்னா போடவே வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, போடாமலே விட்டுவிடுவார்களோ என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. அந்த ஏழு விநாடியை மூடச் சம்மதித்தால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுவார்களாம். இல்லையென்றால் மதியம் இரண்டு மணி, யாரும் கேட்காத நேரம்.

"ரெண்டு மணிக்கே போடுங்க சார்" என்றேன்.

யாரும் கேட்காத நேரமாம்! எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எல்லோரும் தறியில்தான் இருப்பார்கள். பக்கத்தில் போன் பாடிக்கொண்டிருக்கும். வீடு வீடாகப் போய், வெட்கமே இல்லாமல், அந்த வானொலியை வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒலிபரப்பான அன்று என்னால் தறியில் உட்கார முடியவில்லை. வாசலில் நின்று கேட்டேன். ஏழெட்டு வீடுகளிலிருந்து என் இசை வந்தது. பதினோராவது நிமிடம், எல்லா வீட்டிலும் ஒன்றாக நின்றது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. எதிர்வீட்டிலும் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஏழு விநாடியைப் பார்த்ததில்லை.

இசை திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா உள்ளிருந்தே கத்தினார்.

"ஏம்மா, அறுந்துச்சா?"

"அறுந்துச்சுக்கா!" நானும் தெருவே கேட்கக் கத்தினேன். "கட்டிட்டேன்!"