அந்த வாட்ச் சீன்

சந்தையை ஆட்டிவைத்ததால் அவரைச் சந்தையண்ணன் என்பார்கள். யாரையும் அடிப்பதற்கு முன் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அவசரமே இருக்காது. வாரை நெகிழ்த்தி, கொக்கியை விடுவித்து, கண்ணாடிப் பக்கத்தைச் சட்டையில் ஒருமுறை தேய்த்து, பக்கத்தில் எவன் நிற்கிறானோ அவன் கையில் வைப்பார். "பிடி." வேலை முடிந்ததும் திரும்பி வந்து, "மணி என்ன?" என்பார். பிடித்திருந்தவன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மீன்கடை வாசலில் ஒருமுறை, சந்தைப் பக்கம் கடை வைத்திருந்த தையற்காரர் பிடித்திருந்தார். பிடிபட்ட பூச்சி மாதிரி உள்ளங்கையில் கடிகாரம் துடித்துக்கொண்டிருந்தது. மணி கேட்டபோது முட்கள் தெரிந்தன, நேரம் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடிவந்தார்.

மனைவியைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அடுத்த தெரு இளைஞன் ஒருவன், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ரவுடிப் படம் எடுக்கத் தொடங்கினான். கோட்டு தைக்க வந்த இடத்தில், "நிஜ ரவுடியெல்லாம் எப்படிண்ணே இருப்பாங்க?" என்று கேட்டான். கேட்க ஆள் கிடைத்தால் தையற்காரருக்கு நாக்கு நிற்காது. யார் என்று சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் சொன்னார்.

படம் வந்தது. சின்னத் தியேட்டர், பாதி நாற்காலி காலி. திரையில் தாதா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டையில் தேய்த்தபோது மனைவி, "ஏங்க, இது நீங்க சொன்னதுல்ல?" என்றாள், ஊருக்கே கேட்கிற குரலில். அவர் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார்.

மறுநாள் தையல்கடை ரெண்டுபட்டது.

"எல்லாம் பார்த்த படம். மழையில சண்டை, சாய்வு நாற்காலியில சிகரெட்டு. நாலு படத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கான்" என்றார் பள்ளிக்கூட வாத்தியார்.

"அந்த வாட்ச் சீன் எந்தப் படத்துல இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!" மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "யாரோ நேர்ல பார்த்தவன் சொல்லிக் குடுத்திருக்கான் சார்."

தையற்காரரின் விரலில் ஊசி ஏறியது.

"அதுவும் காப்பிதான்!" என்று கத்தினார். "ஏதோ வெளிநாட்டுப் படம். நான் தைச்ச கோட்டே காப்பி, போதுமா?"

"சொந்தக் கோட்டையே காட்டிக் குடுக்கிற டெய்லரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

அதன்பிறகு தையற்காரர் படத்தைத் திட்டாத இடமில்லை. காப்பி என்று எல்லோரும் நம்பிவிட்டால், சொன்னவனை யாரும் தேட மாட்டார்கள். படம் எடுத்தவன் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசலில் நிழல் விழுந்தால் தையற்காரரின் கால், தையல் இயந்திரத்தின் மிதியில் தானாக நின்றது.

ஒரு மத்தியானம் சந்தையண்ணனே வந்தார். "ரெண்டு முழுக்கைச் சட்டை தைக்கணும்."

தோளும் மார்பும் அளந்தாயிற்று. மணிக்கட்டு பாக்கி. கடிகாரத்தைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணனே கழற்றினார்.

"பிடி."

தையற்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் படம் பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. எல்லாம் காப்பி."

"வாட்ச் கழட்டுறது?"

"அதுவும் காப்பிதாண்ணே, சத்தியமா. ஒரு பழைய படத்துல அப்படியே இருக்கு."

அண்ணன் முகத்திலிருந்த மிடுக்கு வடிந்தது. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ அந்தப் பழைய படத்தைப் பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேண்ணே."

"இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

மணிக்கட்டை அளந்ததும் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மணி கேட்கவில்லை.

அதுதான் தையற்காரரை அரித்தது. மணி கேட்கவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை. அந்தப் படத்தைப் பற்றி அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. வாசலுக்கு முதுகு காட்டப் பயந்து தையல் இயந்திரத்தைத் திருப்பிப் போட்டார். வெளிச்சம் கண்ணில் அடித்துத் தையல் கோணியது. தைத்து முடித்த சட்டைகள் ஆணியில் வருடக்கணக்காகத் தொங்கின. வாங்க யாரும் வரவில்லை.

அண்ணன் நோயில் விழுந்து இறந்த பிறகு, அவருடைய தங்கை வந்தார். அந்தச் சட்டைகளைத் தன் மகனுக்குச் சின்னதாக்கித் தர வேண்டுமாம்.

"வாங்க வரவே இல்லையேம்மா அவரு" என்றார் தையற்காரர்.

"எப்படி வருவாரு? உங்களைக் கண்டா பயம்."

"என்னையா?"

"சின்ன வயசுல ஏதோ ஒரு படம் பார்த்துட்டு வந்து, கண்ணாடி முன்னாடி நின்னு வாட்சைக் கழட்டிக் கழட்டிப் பழகினாரு எங்கண்ணன். 'அந்த டெய்லர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கான், வெளிய சொன்னா என் மானமே போயிரும்'னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."