வீட்டில் விழுந்ததாக எழுதிய காயம்

அத்தையின் இடது கண்ணில் கட்டியிருந்த துண்டு மழையில் நனைந்து, ரத்தமும் தேயிலைக் கறையுமாகப் பழுப்பேறியிருந்தது. திருவனந்தபுரத்துக் கண் மருத்துவமனையில் டாக்டர், எங்கே வைத்து நடந்தது என்று மலையாளத்தில் கேட்டார். அத்தைக்கும் மலையாளம் புரியும். ஆனால் அவள் டாக்டரைப் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அடுக்களையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு புள்ள" என்றாள். நான் அப்படியே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுக்களையில் விழுபவர்களின் கண்ணில் தேயிலைச் சிம்பு இருக்காது. கிழக்கு மலையில் ஒரு தோட்டத்தில் அத்தை கொழுந்து பறித்தாள். ஜூன் மாதச் சேற்றில் தலைச்சுமையோடு சரிவில் இறங்கும்போது கால் வழுக்கி, கவாத்து வெட்டிய செடிமேல் முகம் குப்புற விழுந்தாள். கூராக வெட்டியிருந்த கிளை கண்ணில் ஏறியது. தோட்டத்து சூப்பர்வைசர்தான் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். துண்டு அவருடையது. வழியில் சோடா வாங்கிக் கொடுத்து, "வீட்டில் வீணுன்னு பறஞ்சா மதி சேச்சி. கேஸாயா எல்லார்க்கும் புத்திமுட்டா" என்று கெஞ்சும் குரலில் சொன்னாராம். வீட்டில் விழுந்ததாகச் சொன்னால் போதும், கேஸானால் எல்லாருக்கும் தொல்லை என்று. கண் போய்விட்டது.

அப்போது நான் நகரத்து ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். சில மாதங்களில், காயம்பட்ட தொழிலாளிகளுக்காக வழக்கு நடத்தும் ஒரு வக்கீல் அம்மாவிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் வாரமே அத்தையின் காகிதங்களை அவரிடம் காட்டினேன். வீட்டில் விழுந்தது என்று அதில் இருந்தது. என் வாயிலிருந்து போன வார்த்தை. கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொன்னால் முயன்று பார்க்கலாம் என்றார் வக்கீல் அம்மா.

நஷ்டஈட்டு மனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். அத்தை அதைத் தொடவில்லை. "அந்தச் சாரு என்னைத் தூக்கிட்டு வந்து ஜீப்புல வச்சாரு. அவரு சோலிய நான் கெடுக்கவா? இந்தக் கண்ணோட வேலைக்கு ஏலாதுன்னு தோட்டத்துக்காரங்களே எழுதிட்டா, அவங்க குடுத்த லயத்து வீட்ட விட்டு எறங்கணும். நீயே ஒத்த முறியில கெடக்குற. என்னை எங்க கொண்டு வைப்ப?" என்றாள். பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுபடி ஒருமுறை போனேன். அப்போதும் அதே பேச்சு. மனு கொடுக்கும் கெடு கழிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒற்றைக் கண்ணோடு அவள் வேலைக்குப் போனாள். இடப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கக் கழுத்தையே முழுதாகத் திருப்புவாள். டம்ளர் என்று நினைத்து அதன் பக்கத்தில் சாயாவை ஊற்றுவாள். கொழுந்தோடு முற்றின இலையும் சேர்ந்து வந்ததால் களை பறிக்க மாற்றினார்கள். அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. லயத்துப் பெண்கள், எவ்வளவு பொறுமை என்று மெச்சினார்கள். எனக்கு அதைக் கேட்கவே அலுப்பாக இருந்தது.

அத்தை ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் இரண்டு விரல்கள் இலை வெட்டும் மிஷினில் போயின. அவளைக் கூட்டிக்கொண்டு அத்தைதான் நகரத்துக்கு வந்தாள். நானும் மருத்துவமனைக்குப் போனேன். அதே கேள்வி. அந்தப் பெண், "வீட்டில..." என்று ஆரம்பித்தாள்.

"அல்ல சாரே" என்றாள் அத்தை. தப்பும் தவறுமான மலையாளத்தில், ஆனால் உரக்க. "தோட்டத்தில வச்சா. மிஷின். ஞான் கண்டு."

டாக்டர் பேனாவை நிறுத்தி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுதினார்.

வெளியே வராந்தாவில் அவள் அழுதாள். "ஒங்களுக்கு என்னக்கா? ஒரு வருஷத்துல ஒங்க சோலி முடியுது. எனக்கு ரெண்டு புள்ளைங்க. நான் எங்க போவேன்?" மறுநாள் முதல் அத்தையைத் தூரத்து மலைச்சரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனாலும் வழக்குக்குச் சம்மதித்தாள். காகிதத்தில் ஏறிவிட்டதை இனி எப்படி மறைப்பது என்றாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், வேறு வேறு சீட்டில். விசாரணையில் அத்தை தான் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெண் பயந்ததும் வீணல்ல. தோட்டத்தில் அவளுக்கு ஏற்ற வேலை இல்லை என்றார்கள். லயத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. இப்போது நெடுமங்காட்டில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அத்தை என்னோடு வலியசாலையில், பழைய வீடொன்றின் பின்கட்டில். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இன்றும் கையை முந்தானையிலோ துண்டிலோ மறைத்துக்கொண்டு, கேஸ் வேண்டாம், சும்மா கேட்கத்தான் வந்தோம் என்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. எது சரி என்று எனக்கே நிச்சயமில்லை.

போன மாதம் அந்தப் பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். நலம் விசாரித்தாள். மூன்று விரல் கையால் அத்தைக்கு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அவள் போன பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்ததை அத்தையிடம் கேட்டேன். ஒனக்காக ஒரு வார்த்தை சொல்லாதவ, அவளுக்காக எப்படிச் சொன்ன?

அத்தை கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்குன்னு கேக்க நாக்கு எழும்பல புள்ள. அன்னைக்கு அவ கையத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேனே" என்றாள்.