தவறுக்கு ஒரு கேக்

விபெகெ இதயநோய் வார்டின் மூத்த நர்ஸ், வயது ஐம்பத்திரண்டு. டென்மார்க்கின் மேற்குக் கரையில், குடையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற காற்றிலும், காலை நாலரைக்கு எழுந்து பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். யாராவது கொட்டாவி விட்டால் போதும், "அலுப்பா இருக்கா? ஓடு, போயிடும்" என்று பிடித்துக்கொள்வாள். தான் ஐந்து மணி நேரம்கூடத் தூங்குவதில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டாள். உபதேசம் ஊருக்குத்தானே.

அந்தப் புதன்கிழமை டாக்டர் வந்தபோது, நான்காம் அறைப் பெரியவர் டோகரின் எடை குறிப்பேட்டில் இல்லை. உடம்பில் நீர் கோத்திருந்த மனிதர். அன்றன்றைய எடையைப் பார்த்துத்தான் மருந்து. விபெகெ உதவியாளர் சோல்வையின் மேல் பாய்ந்தாள்.

"எடை பார்க்கவே இல்ல, அப்படித்தானே? ராத்திரியெல்லாம் சீரியல் பார்த்துட்டு இங்க வந்து தூங்கினா இப்படித்தான்."

"பார்த்தேனே..." என்று தொடங்கிய சோல்வை, விபெகெயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எடை இயந்திரத்தை மறுபடி உருட்டிக்கொண்டு போனாள்.

மாலை உடைமாற்றும்போது விபெகெயின் சீருடைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. 'நான்காம் அறை, 83.4.' அவள் கையெழுத்துதான். கடைசி எண் கோணிக்கொண்டு ஓரம்வரை இழுபட்டிருந்தது. எழுதியது துளியும் நினைவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை எறியவும் மனம் வரவில்லை.

தவறு செய்தவர் மறுநாள் கேக் சுட்டுக் கொண்டுவருவது அந்த வார்டில் வழக்கம். வியாழக்கிழமை காப்பி மேசையில் சோல்வை ஒரு கேக்கை வைத்தாள். "நேத்துத் தப்புக்கு" என்றாள்.

"இன்னும் ரெண்டு தப்பு பண்ணு சோல்வை, நல்லா இருக்கு" என்று கேலி செய்தபடி எல்லாரும் தின்றார்கள். விபெகெ தன் துண்டைத் தொடவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு வேறென்ன செய்யும்?

கடைசியில் கசங்கிய சீட்டை எடுத்துத் தட்டருகே வைத்தாள்.

"இது நான் சுட வேண்டிய கேக். அவ எடை பார்த்துச் சொல்லியிருக்கா. நான்தான்..."

சோல்வை சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். நான் சொல்லச் சொல்ல, எழுதிக்கிட்டே தூங்கிட்டீங்க. பாவம்னு எழுப்பாம விட்டுட்டேன். அது என் தப்புதானே."

அதற்குப் பிறகு அந்த வார்டில் யார் கொட்டாவி விட்டாலும் விபெகெ வாய் திறப்பதில்லை.