மாப்பிள்ளைக்கு வெந்நீர்

எனக்குச் சொந்த ஊர் திருவேங்கடம். ஆனியிலும் தரை சுடும் ஊர். மனைவி தலைப்பிரசவத்துக்குத் தென்காசியில் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் நாள் முந்திப் பிறந்துவிட்டாள், எடையும் குறைவு. "அறை கதகதப்பா இருக்கணும், கை கால் சில்லிடக் கூடாது" என்று கண்டித்துச் சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். வெளியிலோ சாரல் விட்டபாடில்லை.

ஆயிரம் வாட் ரூம் ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மாட்டிவிட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அரைமணி கழித்தும் அப்படித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன்.

"குட்டி போட்ட பூனையாட்டம் அலையாதீய மாப்ள," மாமியார் சிரித்தார். "வெந்நி போட்டிருக்கேன். குளிச்சிட்டுச் சாப்பிடுங்க."

அலைந்ததில் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 175 வோல்ட் என்று காட்டியது. 230 இருக்க வேண்டியது. பாத்ரூமில் எனக்காகக் கீசர். சாரலில் காயாத என் சட்டையை மச்சினன் தேய்த்தே காயவைத்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் என் வடைக்கு உளுந்து ஆட்ட கிரைண்டர். அந்தக் காலத்து வயர் இத்தனை உபசாரத்தைத் தாங்கவில்லை.

மனக்கணக்குப் போட்டேன். ஆயிரம் வாட்டை 230ஆல் வகுத்தால் கரண்ட் நாலேகால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 230ஐ அந்தக் கரண்டால் வகுத்தால் ஹீட்டரின் தடை 53 ஓம். வோல்டேஜ் இறங்கினாலும் அந்தத் தடை பெரிதாக மாறாது. 175ஐ 53ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 580 வாட் கூடத் தேறவில்லை.

அதைச் சொன்னபோது, அரிசிக்கடை வைத்திருக்கும் மாமனார் ஒப்பவில்லை. "வோல்டேஜ் கால் பங்குதான மாப்ள குறைஞ்சிருக்கு? சூடும் கால் பங்குதான குறையும்?"

"வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் கூடவே குறையுது மாமா. ரெண்டையும் பெருக்குனாத்தான் வாட். பாதிக்குப் பக்கம் போயிருச்சு."

கீசரை அணைக்கச் சொன்னேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளையப் பாக்க வந்த மாப்பிள்ளைக்குப் பச்சத்தண்ணியா? ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"எம் பிள்ளைக்கு வேண்டிய சூட்ட எடுத்துத்தான் எனக்கு வெந்நி போடுதிய அத்தை!"

வேண்டியதைவிடச் சத்தமாகவே கத்திவிட்டேன். வீட்டில் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

சம்பந்தம் பண்ணின இடம். "சாரலுக்கு வந்தவன் வெந்நீலயா குளிப்பான்? அருவிக்குப் போயிட்டு வாரேன்" என்று சமாளித்து, மச்சினன் பைக்கில் குற்றாலம் கிளம்பினேன். கூட்டத்தில் இடித்துப் பிடித்து அருவிக்கடியில் போய் நின்றேன். தண்ணீர் மண்டையில் அறைந்தது. மனது ஹீட்டரைவிட்டு நகரவில்லை. தலையைச் சரியாகத் துவட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஸ்டெபிலைசர் 218 காட்டியது. தொள்ளாயிரம் வாட். நேராக அறைக்குள் போய்ப் பிள்ளையின் பாதத்துக்குக் கை நீட்டினேன்.

"தொடாதீய!" மனைவி பதறிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். "கை ஐஸா இருக்கும். அங்கன தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று அவளே பிள்ளையைத் தூக்கிவந்து, அந்தப் பாதத்தை என் கன்னத்தில் வைத்தாள். சுட்டது.