கட்டிங் மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே

அக்கா விட்டுப்போன மிஷினில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மகளோடு அவர் இலங்கைக்குத் திரும்பி ஒரு வருஷமாகிறது. தென்னூரில் நான் நடத்தும் தையல் யூனிட்டில் பள்ளிச் சீருடைதான் பெரிய வேலை. அக்கா என்று நான் கூப்பிட்ட அவர் அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் தைக்க வருவார். யுத்த காலத்தில், பதினைந்து வயதில், ட்யூஷன் முடிந்து வரும் வழியில் இயக்கத்துக்காரர்கள் அவரைப் பிடித்துப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்களாம். பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே ஒருநாள் இதை யாருடைய கதையோ மாதிரிச் சொன்னார்.

ஊர்க்காரர்களைக் கண்டால் சேர்த்து வைக்கும் வியாதி எனக்கு உண்டு. என் ஊரான தொட்டியத்துக்காரர் யாராவது கடைக்கு வந்தால் போதும், காபி வாங்கிக் கொடுத்து உறவு விசாரிப்பேன். அதனால்தான், வேறு முகாமிலிருந்து மாறி வந்த, அக்காவின் ஊர்க்காரர் ஒருவர் கட்டிங் வேலை கேட்டதும் யோசிக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

"அக்கா, உங்க ஊர்க்காரர் வந்திருக்காரு, பாருங்க" என்றேன் பெருமையாக.

அக்கா மிஷினை நிறுத்தினார். வந்தவர் தலை குனிந்துகொண்டார். என்னைத் தனியே அழைத்துப்போய் அக்கா சொன்னார்: "என்னைப் பிடிச்சுக்கொண்டு போனது இவன்தான்."

இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றேன். போலீஸ், புகார் என்று ஏதேதோ உளறினேன்.

"எந்தப் போலீசிட்டப் போறது தங்கச்சி? அப்ப அவனுக்குப் பதினேழு வயசு. அவனையும் பிடிச்சுக்கொண்டு வந்ததுதான். வேலையைக் குடுங்கோ. மன்னிப்பு மட்டும் என்னட்டக் கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நியாயம் என்றால் ஒருவர் கூண்டில் நிற்பார், ஒருவர் தீர்ப்புச் சொல்வார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே கூண்டில் நிற்க வேண்டியவரும் அன்றைக்குப் பிள்ளைதான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பல நாள் மற்றத் தையல்காரப் பெண்கள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன், பாவம். அவர் வெட்டுவார், அக்கா தைப்பார். வெட்டிய துணியைத் தூக்கிக்கொண்டு நடுவில் அலைவது என் வேலை. ஆறு வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா போவதற்கு முந்தைய மே மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்தால் சீருடைகள் தைத்து மடித்து அடுக்கியிருந்தன. துணியை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன்.

"நான்தான் போய் எடுத்தனான். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் துறக்குதெல்லோ."

"அவர்கிட்ட பேசினீங்களா?"

"கொலர் சின்னனாக் கிடக்கு, திரும்ப வெட்டெண்டு சொன்னனான்."

"வெட்டினாரா?"

"வெட்டித் தந்தவன். பிறகு மேசையில தலையை வச்சு அழுதவன்" என்றார் அக்கா. "நான் தைச்சுக்கொண்டிருந்தனான்."