நாலாம் கொட்டிலில் ஓடிய தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த பனிக்காலத்தில் நான் ஒரு பேயை நான்கு தடவை பார்த்தேன். நான்கு தடவையும் ஒரே இடத்தில், பின்னேரம் நாலரை மணி கடந்து இருட்டு இறங்கும் நேரத்தில்.

அந்த இடம் மாமியினுடையது. அப்பாவின் அக்காவான மாமி ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மொன்றியலுக்கு வந்த பிறகு, துறைமுகத்துக்குப் போகும் வீதியோரமாக நாலு கொட்டில்கள் கொண்ட கார் கழுவுமிடம் ஒன்றை எடுத்து நடத்தினார். சனங்கள் காரை உள்ளே விட்டு, சுவரிலிருக்கும் பெட்டியில் காசைப் போட்டு, துவக்கு மாதிரி விசையை அழுத்தும் குழாயால் தாங்களே சுடுதண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு போவார்கள். குளிரில்தான் கூட்டம் அதிகம். பனி உருக வீதிக்குக் கொட்டும் உப்பு காரின் அடியை அரித்துவிடும் என்ற பயம் அந்த நகரத்தில் எல்லோருக்கும் இருந்தது.

ஆனால் குளிரில்தான் காசுப் பெட்டிகளுக்கும் வருத்தம் வரும். ஈரக் கையால் போட்ட காசு உள்ளே போய் உறைந்து நிற்கும். அடுத்தவருடைய காசு அதன் தலைமேல் குந்திக்கொள்ளும். அவர் பெட்டிக்கு உதைத்துவிட்டு வந்து பிரெஞ்சில் மாமியைத் திட்டுவார். மாமி முழுவதையும் கேட்டுவிட்டு "மெர்சி" என்று நன்றி சொல்வார்.

அந்த வருடம் பெட்டிகளின் உள்ளே இருந்து காசை வாங்கும் பொறியை மாற்றுவதென்று மாமி முடிவெடுத்தார். அதற்கு நான் வைத்த பெயர் 'விழுங்கி'. விற்பனைக்காரர் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே அளவு புகழ்ந்தார். மாமி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பேஸ்மென்ற்றில் மீனும் ஆட்டிறைச்சியும் கிடந்த பெரிய ஃப்ரீசருக்குள் வைத்தார். உப்புத்தண்ணீரில் தோய்த்த காசுகளை அவற்றுக்கு ஊட்டுவது என் வேலை. வெளிச்சத்தால் காசை அளக்கும் விழுங்கி, அதன் கண்ணில் பனிப்புகார் படிந்ததும் குருடாகி, நல்ல டொலரையே வெளியே துப்பியது. காந்தச் சுருளால் அளக்கும் மற்றது எதற்கும் அசையவில்லை. அதன் மின்தகடு பிசினுக்குள் மூடப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சின்னச் சூடாக்கி இருந்தது, வந்த ஈரம் வழிந்துபோக அடியில் ஒரு துளை இருந்தது. ஒரு கிழமை முழுவதும் ஊட்டினேன். ஒரு காசைக்கூட அது பிழையாகத் துப்பவில்லை.

மாமி அதையே தெரிவுசெய்தார். முதல் மூன்று கொட்டில்களுக்கும் அதைப் பொருத்திப் பூட்டினார். ஆகக் கடைசியில் இருந்த நாலாம் கொட்டிலுக்கு அவ்வளவாக ஆட்கள் போவதில்லை, அதனால் பழையதை வசந்தம் வரைக்கும் விட்டுவைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை நான் மாமியின் கந்தோர் அறையில் இருப்பேன். நாலரைக்கு மாமி பின்னாலிருந்த இயந்திர அறைக்குள் போவார். அங்கே மோட்டார்கள் போடுகிற இரைச்சலில் வெளியே என்ன நடந்தாலும் கேட்காது. அப்படி ஒரு நாள் தனியாக இருந்தபோது நாலாம் கொட்டிலில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கார் எதுவும் வந்திருக்கவில்லை. கந்தோர் யன்னலால் பார்த்தேன். பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஆவி எழும்பியது. அதற்குள் ஒரு பொம்பிளை நின்றாள். கறுத்த நீளத் தலைமயிர். அந்தக் குளிரிலும் மேலங்கி இல்லை. இரண்டு கைகளையும் தண்ணீருக்கு நீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள். மூன்று நிமிடத்தில் தண்ணீர் நின்றது. ஆவி கலைந்தபோது அங்கே யாரும் இல்லை.

"கால் இருந்ததோ?" இதுதான் அம்மா கேட்ட முதல் கேள்வி.

இல்லை என்றேன். ஆவியில் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டாம் தடவை அவள் காசு போடாததையும் பார்த்தேன். கதவைத் தட்டுவதுபோலப் பெட்டியைக் கையால் ஒரு தரம் தட்டினாள். தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை அவள் போன கொஞ்ச நேரத்தில் அம்மா வந்துவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். கார்ச் சவர்க்காரத்தின் மணத்துக்கு மேலால் இன்னொரு மணம் நின்றது.

"சந்தனச் சவுக்காரம்," என்றார் அம்மா மெதுவாக. "எங்கட ஆக்கள்தான்."

எங்களுக்கு வாய்த்த பேயும் தமிழ்க் கடையில்தான் சாமான் வாங்குகிறது என்பது எனக்கு ஏனோ இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அம்மா மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து காசு போடும் துவாரத்துக்குள் தாராளமாகவே தெளித்தார். விடிய அது உறைந்து அடைத்துவிட்டது. மாமி திருகாணிச்சாவியால் பனிக்கட்டியைக் குத்தி எடுத்தார்.

"பேயுமில்லை, பிசாசுமில்லை மச்சாள். ஈரம்," என்றார். பெட்டியைத் திறந்து, கறள் பிடித்த ஒரு கம்பியை எங்களுக்குக் காட்டினார். "பாருங்கோ, லொறி போற அதிர்விலையே இது முட்டும். முட்டினா மிசின் காசு விழுந்ததெண்டு நினைக்கும்."

"அப்ப பிள்ளை கண்டது?"

"ஆவியைக் கண்டிருப்பாள்."

நான் அழுதேன். கண்டதைக் கண்டேன் என்றும், இனி இந்த இடத்துக்கு வரவே மாட்டேன் என்றும் கத்தினேன். எனக்காகத்தான் மாமி வசந்தம் வரைக்கும் பார்த்திராமல் அந்தக் கிழமையே நாலாம் கொட்டிலுக்கும் புதிய விழுங்கியைப் பூட்டினார். அம்மா தன் செபமாலையை என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பனி கொட்டிக்கொண்டிருந்த பின்னேரம், அவள் வந்தாள். பெட்டியைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். பிறகு உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தபடி, யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல நின்றாள். இந்தத் தடவை ஆவி இல்லை. பனி ஒட்டிய சப்பாத்து இரண்டு தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அது என் மண்டைக்குள் ஏறவில்லை.

அவள் திரும்பி நேரே என்னைப் பார்த்தாள். நான் செபமாலையை இழுத்தெடுத்து, அதன் சிலுவையை யன்னல் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோள்களிலும் தொட்டு, விரல் நுனியை முத்தமிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

இயந்திர அறைக்கு ஓடினேன். "மாமி, பேயைக் கலைச்சிட்டன்! சிலுவையைக் கண்டவுடனை போயிட்டுது!"

"எப்பிடிப் போனது?"

செய்து காட்டினேன். நெற்றி, நெஞ்சு, தோள்கள், முத்தம்.

மாமியின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். வீதியின் நடுவில் நின்று துறைமுகப் பக்கமும் மற்றப் பக்கமும் பார்த்தார். "பிள்ளை! இஞ்ச வாரும் பிள்ளை!" என்று தமிழில் கூப்பிட்டார். நான் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நான் போனபோது மாமி பெட்டியைத் திறந்துவைத்து நாலாம் கொட்டிலுக்குப் பழைய விழுங்கியைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டி முடித்ததும் பெட்டியைக் கையால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார்; தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"புதுசு சரிவரேல்லை மச்சாள்," என்றார் மாமி. "ஈரத்துக்குத் தாங்காது."

அது பச்சைப் பொய். ஒரு கிழமையாக ஊட்டிப் பார்த்தவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு நாலரை மணிக்கு மாமி இயந்திர அறைக்குப் போகவில்லை. யன்னலடியில் என்னோடு வந்து நின்றார். அந்தப் பனிக்காலம் முழுவதும் நாலாம் கொட்டிலில் தண்ணீர் தன்பாட்டில் ஓடவே இல்லை. பேய் போய்விட்டது என்று எனக்குச் சந்தோசம். மாமிக்கு மட்டும் ஏன் அதில் சந்தோசம் இல்லை என்று அப்போது விளங்கவில்லை.